தழை தின்ற எலும்பு

"யாரு உங்களைப் போன் பண்ணச் சொன்னது?"

"நான் சொல்றதை முழுசா..."

"யாரு சொன்னதுன்னு கேக்குறேன். குழி தோண்டறப்ப எலும்பு வந்தா எடுத்து ஓரமா வச்சுட்டு மேல தோண்டணும். உலகமே அப்படித்தான் தோண்டுது."

"சாதாரண எலும்பா அது? தாடையை மட்டும் பாத்தியா? நம்ம கட்டில் அகலம் இருக்கு."

"அப்ப போய் அதுலயே படுத்துக்குங்க. எனக்குக் கக்கூஸ் வேணும்."

"கொஞ்சம் பொறு. பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்க, எடுத்துட்டுப் போவாங்க. நாளைக்கு அந்த மிருகத்துக்கு என் பேரையே வச்சாலும் வைப்பாங்க."

"உங்க பேரா? செத்தும் அதுக்கு நிம்மதி கிடையாதா?"

கண்டக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வேறோர் அவசரம் வந்துவிட, வாயை மூடிக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கி ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கே அவர் கண்டக்டர்தான். வேலையில் இருந்தபோது அவர் ஏறிய வண்டி ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லை. இப்போது சர்க்கரை வியாதி அவரை நேரம் தவறாமல் ஓட வைத்துக்கொண்டிருந்தது. ஓடிப் போய்ச் சேரத்தான் இடம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கழிவறையின் தொட்டி உள்வாங்கிவிட்டது. புதுத் தொட்டி தோண்ட ஆள் வந்ததும், "புதுசு வரப்போகுது, பழசு எதுக்கு இடைஞ்சலா?" என்று சுவரையும் கூரையையும் இடிக்கச் சொன்னவர் கண்டக்டர். இடித்து முடித்து, இடுப்பளவு தோண்டியிருந்த ஆள் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்.

"சார், கீழ ஏற்கெனவே ஒருத்தர் குடியிருக்காரு."

அப்போதே ஒதுக்கிவிட்டுத் தோண்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் தொட்டி இறங்கியிருக்கும் என்பது தையற்காரியின் கட்சி. கண்டக்டரின் மனைவி அவள். முன் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் பாதிப் பேருக்கு அளவெடுத்து வைத்திருப்பவள். கண்டக்டரையும் அளவெடுத்து வைத்திருக்கிறாள்.

வாய்ச்சண்டை முடிவதற்குள் வாசலில் ஜீப் நின்றது. அழிந்துபோன தாவர உண்ணிப் பாலூட்டிகள் பாதுகாப்பு இயக்ககம் என்று கதவில் எழுதியிருந்தது. ஒரு கதவு போதாமல் 'இயக்ககம்' பின்கதவுக்குப் போயிருந்தது. உதவி இயக்குநர், பல் நிபுணர், ஒரு காவலாளி, ஒரு கூடாரம் ஆகியோர் இறங்கினார்கள்.

குழி ஓரத்துக்கு வந்ததும் மூவரும் காலணியைக் கழற்றினார்கள்.

"எதுக்குங்க?" என்றாள் தையற்காரி.

"மௌன அஞ்சலி. துறை வழக்கம். மிருகம் இறந்த செய்தி நமக்கு இன்னைக்குத்தானே வந்திருக்கு?" என்றார் உதவி இயக்குநர்.

எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். கண்டக்டரும் நின்றார். அவர் முகத்தில் இருந்த வேதனையைப் பார்த்த உதவி இயக்குநர், அஞ்சலி முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த அளவுக்கு உணர்ச்சியோட யாரும் நின்னு நான் பாத்ததில்லை."

"உணர்ச்சி இல்லைங்க, எனக்கு அவசரமா..."

"சொல்ல வேண்டாம். புரியுது."

பல் நிபுணர் குழிக்குள் இறங்கினார். பல் நிபுணர் என்றதுமே கண்டக்டர் தன் கடைவாய்ப் பல் ஆடுவதைச் சொல்லிப் பார்த்தார். "உங்க பல்லுக்கு இன்னும் வயசு பத்தாது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிறகு ஒரு தூரிகை உரசும் சத்தம். பிறகு ஒரு கூவல்.

"தாவர உண்ணி!"

உதவி இயக்குநர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. ஊன் உண்ணியா இருந்தா அடுத்த கட்டடத்துக்காரங்க வந்திருப்பாங்க. அவங்களுக்குப் பண்பாடு கிடையாது. வர்றாங்க, எடுக்கறாங்க, போறாங்க."

"அவங்களையே கூப்பிடுங்களேன்" என்றாள் தையற்காரி. யார் காதிலும் விழவில்லை.

பல் நிபுணர் மேலே வந்து கண்ணாடியைத் துடைத்தபடி விளக்கினார். இது குதிரைக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் குளம்பு கிடையாது, காலில் நகம். பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்று, முன்னங்காலின் நகத்தால் கிளையை வளைத்துத் தழை தின்னும். நடக்கும்போது நகம் தேயாமல் இருக்க விரலை மடக்கி, விரல் முட்டியை ஊன்றி நடக்கும்.

"பாவம்" என்றாள் தையற்காரி. முட்டிவலிக்காரர்களைப் பற்றிப் பேசும் குரலில்தான் சொன்னாள். "இப்ப எப்ப எடுப்பீங்க?"

"எதை?"

"அதைத்தான்."

உதவி இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். "அம்மா, நாங்க பாதுகாக்கிற இயக்ககம். எடுக்கிற பிரிவுன்னு ஒண்ணு எங்ககிட்ட இருந்துச்சு. அதுல இருந்தவர் ஓய்வு பெற்றுட்டாரு. அவர் உக்காந்த நாற்காலியை இப்ப பாதுகாத்துட்டு வர்றோம்."

"அப்ப நாங்க பக்கத்துலயாவது ஒரு குழி..."

"உங்க சமையலறைக் கதவுலேர்ந்து பின்சுவர் வரைக்கும் இப்ப மிருகத்தோட வசிப்பிடம். அதுல மண்வெட்டி வச்சா குற்றம்."

காவலாளி மஞ்சள் நாடாவைக் கட்டிக்கொண்டே வந்தான். சமையலறைக் கதவின் குமிழில் முடிச்சுப் போட்டு முடித்தான்.

* * *

கண்டக்டரின் அண்ணன் வீடு அடுத்த வீடுதான். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரை யார் இடத்தில் எழுப்பியது என்ற பேச்சில்தான் அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோனது. அந்த வீட்டுக் கழிவறை கொல்லையில் இருந்தது. அதற்குப் போக, வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அண்ணி பூட்டி வைத்திருக்கும் பின்கதவைத் திறந்துகொண்டு போகவேண்டும்.

தையற்காரிதான் தூது போனாள்.

"அக்கா."

"அடேயப்பா! யாரு இது, வழி தெரிஞ்சு வந்திருக்கறது?"

"அக்கா, விஷயம் உங்களுக்கே தெரியும்."

"தெரியாம என்ன? தெருவே பேசுது. உன் வீட்டுக்காரர் குழியில யானையைக் கண்டுபிடிச்சிருக்காராமே."

"யானை இல்லைக்கா, குதிரைக்குச் சொந்தமாம்."

"சொந்தம்னா என்னன்னு அவருக்கு இப்பவாவது ஞாபகம் வந்துச்சே."

தையற்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி கொஞ்ச நேரம் அந்தக் குனிந்த தலையைப் பார்த்து ரசித்தாள். கெட்டவள் இல்லை. கதவைத் திறப்பதற்கு முன் நன்றாக ஆட்டிப் பார்த்துத் திறக்கிறவள், அவ்வளவுதான்.

"சரி, வரச் சொல்லு. ஆனா கூடத்துல உங்க மாமா உக்காந்திருப்பாரு. அவர் பேசமாட்டாரு. தம்பியும் பேசக்கூடாது."

கண்டக்டர் போனார். அண்ணன் அவரைப் பார்த்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. சர்க்கரைக்காரருக்கு இது எத்தனை தடவை நடக்கும் என்பது தெரிந்ததுதான். சாயங்காலத்துக்குள் அண்ணனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

"இவர் தோளுக்குத் தைலம் தேய்ச்சே என் கை போச்சு" என்றாள் அண்ணி. "இனிமே காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நடுவுல அடக்கிக்கச் சொல்லு."

* * *

மறுநாள் ஒரு வண்டி வந்து புல்லுக்கட்டை இறக்கியது. காவலாளி அதைப் பிரித்துத் தாடைக்கு எதிரே பரப்பினான். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தான்.

"இது யாருக்குப்பா?" என்றார் கண்டக்டர்.

"மிருகத்துக்கு சார்."

"அது செத்துப் போச்சே?"

"அது எனக்குத் தெரியும் சார். துறைக்கும் தெரியும். விதிக்குத் தெரியாது."

விஷயம் இதுதான். இயக்ககம் ஒரு காலத்தில் கால்நடைத் துறையின் ஒரு மூலையாக இருந்தது. தனியாகப் பிரித்தபோது, புதிதாக விதி எழுத நேரமில்லாமல் பழைய விதிகளையே எடுத்துக்கொண்டு, 'மிருகம்' என்று இருந்த இடத்திலெல்லாம் முன்னால் 'அழிந்துபோன' என்று சேர்த்துவிட்டார்கள். பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஒவ்வோர் அழிந்துபோன மிருகத்துக்கும் தினமும் தீவனம் வைக்கவேண்டும். உண்டது எவ்வளவு, மீதம் எவ்வளவு என்று எழுதவேண்டும். காவலாளி எழுதினான். உண்டது: இல்லை. மீதம்: முழுதும்.

சில நாளில் கால்நடை மருத்துவர் வந்து இறங்கினார். தாடை எலும்பில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"மூச்சு இல்லை" என்றார். "ஆனா மூச்சுத் திணறலும் இல்லை. காய்ச்சல் இல்லை. மூட்டு வீக்கம் இல்லை. என் அனுபவத்துல இவ்வளவு அமைதியான மிருகத்தை நான் பரிசோதிச்சதில்லை."

"அப்ப ஏன் சாப்பிடலை?" என்றார் உதவி இயக்குநர்.

மருத்துவர் சுற்றும் முற்றும் பார்த்தார். முன் அறையிலிருந்து மெஷின் ஓடும் சத்தம் வந்தது. சமையலறையிலிருந்து கறிக்குழம்பு வாசனை வந்தது.

"தாவர உண்ணி இருக்கிற இடத்துல கறி சமைச்சா அது எப்படிச் சாப்பிடும்?"

அன்றிலிருந்து கறி நின்றது. மெஷினைப் பகலில் கொஞ்ச நேரம், துணியைப் போர்த்தி ஓட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. தையற்காரி எந்தத் துணியைத் தைத்தாளோ அதையே மேலே போர்த்தித் தைத்தாள். ஒரு சட்டைக் கையில் இரண்டு கால்சட்டைகள் சேர்ந்து வந்தன.

"அந்தப் பேரு வைக்கிற விஷயம் என்னாச்சு?" என்று கணவரைக் கேட்டாள்.

கண்டக்டர் கேட்காதவர்போல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுப்பகல். அண்ணி வீட்டுக் கதவு திறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது.

* * *

'உண்டது: இல்லை' என்று காவலாளி எழுதி எழுதி மேலே போனதில், இயக்குநரே நேரில் வந்துவிட்டார். பருத்த மனிதர். குழியருகே அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். கண்டக்டர் நிற்க முடியாமல் நின்றார்.

"ஐயா, நான் சர்க்கரைக்காரன். எங்களுக்குக் கழிவறை இல்லை. இந்த எலும்பை எடுத்துட்டீங்கன்னா..."

இயக்குநர் கையை உயர்த்தினார். பேசப் போகிறார் என்று தெரிந்து உதவி இயக்குநர் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார்.

"உயிரோட இருக்கிற மிருகத்தை வச்சுக்கிட்டு மத்த துறைக்காரங்க படற பாட்டைப் பாருங்க. கூண்டை உடைக்குது. கடிக்குது. குட்டி போடுது. திடீர்னு ஒருநாள் செத்தும் போயிடுது, மறுநாள் பேப்பர்ல வந்துடுது. எங்க இயக்ககம் தொடங்கின நாள்லேர்ந்து எங்க பொறுப்புல இருக்கிற மிருகம் ஒண்ணாவது செத்திருக்கா? ஒண்ணுகூட இல்லை! இதை வேற எந்தத் துறை சொல்ல முடியும்? ஏன் அப்படி? நாங்க எதையும் தொடறதில்லை. தொட்டாத்தானே தப்பு வரும்? நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. எடுக்காத முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால, கண்டக்டர் ஐயா, கோடி வருஷமா இருக்கற இடத்துலேர்ந்து அதை எடுக்கச் சொல்லாதீங்க. அது பழகின இடம்."

"நானும் அந்த இடத்துலதான்யா பழகினேன்" என்றார் கண்டக்டர்.

அப்போது பல் நிபுணர் ஓரத்திலிருந்து தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம். தப்பு மிருகத்து மேல இல்லை. புல்லு மேல."

"என்ன சொல்றீங்க?"

"இதோட பல்லு உயரம் கம்மி. புல்லு தின்கிற மிருகத்துக்குப் பல்லு உயரமா இருக்கும், மண்ணோட சேத்து அரைக்கிறதால தேயும். இது தழை தின்கிற சாதி. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து சொல்றேன், யாரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. தழை வச்சுப் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா என்னைக் கேளுங்க."

இயக்குநர் யோசித்தார். புல்லை நிறுத்துவது ஒரு முடிவு. தழையைச் சேர்ப்பது ஒரு முடிவு. "ரெண்டும் வைங்க" என்றார்.

* * *

தழை வந்தது. இளந்துளிராக, கிளை கிளையாக, காலையில் வெட்டிய ஈரத்தோடு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி வீட்டு ஆடுகள் முன்னங்காலைச் சுவரில் வைத்து எழுந்து நின்று பார்த்தன. பல் நிபுணர் மட்டும் அதைப் பார்த்திருந்தால், தன் மிருகம் எப்படி நின்றிருக்கும் என்று கண்ணாலேயே கண்டிருப்பார். அவர் குழிக்குள் இருந்தார்.

ஆடுகளுக்குப் பின்னால் அண்ணியின் தலை எழுந்தது.

"ஏய், தையக்காரி."

"என்னக்கா?"

"என்னடி அநியாயம் இது? நான் வெயில்ல அலைஞ்சு ஒரு கொப்பு ஒடிக்க முடியலை. உங்க எலும்புக்கு இவ்வளவு தழையா?"

"சர்க்கார் தழைக்கா. தொடக்கூடாது."

"சாயங்காலம் அது என்னாகுது?"

"வாடிப் போகுது. அள்ளி வெளியே கொட்டறாங்க."

அண்ணி தழைக் குவியலை ஒருமுறை கண்ணால் அளந்தாள். பிறகு, நகை விஷயம் பேசும் குரலில் சொன்னாள்: "தம்பிக்கு நடுப்பகல்லதான் ரொம்பக் கஷ்டம், இல்லை?"

"ஆமாக்கா."

"பின்கதவைத் திறந்தே வச்சுடறேன். நாளெல்லாம். உங்க மாமாவை உள்ரூம்ல உக்காந்து பேப்பர் படிக்கச் சொல்லிடறேன்."

"அக்கா..."

"சுவர் ஒண்ணும் அவ்வளவு உயரம் இல்லையே?"

தையற்காரி காவலாளியைப் பார்த்தாள். அவன் கூடாரத்தில் காலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தத் தழையை நான் தொட்டா நீ என்ன பண்ணுவே?"

அவன் யோசித்துப் பார்த்தான். "எலும்பைத் தொட்டாப் பிடிக்கச் சொல்லி உத்தரவு இருக்கும்மா. தழையைப் பத்தி எதுவும் சொல்லலை. தழை மீதமிருக்கா இல்லையான்னு பாத்து எழுதறதுதான் என் வேலை."

அன்று சாயங்காலம் அவன் வந்து பார்த்தான். எழுதினான். புல் உண்டது: இல்லை. தழை உண்டது: முழுதும்.

கண்டக்டர் வாழ்வில் வசந்தம் வந்தது. நினைத்தபோது எழுந்தார், நினைத்தபோது போனார். கூடம் காலியாக இருந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது உள்ரூமிலிருந்து அண்ணன் குரல்கூடக் கேட்டது. "சர்க்கரை எவ்வளவு இருக்காம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். கண்டக்டரும் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு வந்தார். ஆடுகள் பளபளவென்று ஆயின.

இயக்ககத்தில் வேறுவிதமான வசந்தம். பல் நிபுணர் கண்ணீரோடு குழி ஓரத்தில் நின்றார். "முழுசும் சாப்பிட்டிருக்கு. புல்லைத் தொடலை. இனிமே எவன் என்னைப் புல்லு கட்சியிலேர்ந்து கேள்வி கேப்பான்?" என்று கட்டுரை எழுத ஓடினார். மருத்துவர் வந்து தாடையைத் தட்டி, "முன்னைக்கு இப்ப தெளிவு தெரியுது" என்றார். உதவி இயக்குநர் தழையை இரட்டிப்பாக்கினார். அதுவும் முழுதும் தீர்ந்தது. அண்ணி இன்னும் இரண்டு ஆடு வாங்கினாள்.

* * *

ஒருநாள் இயக்குநர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. மூச்சு வாங்கியது.

"இது சாப்பிடுது" என்றார்.

"ஆமாங்க ஐயா" என்றார் உதவி இயக்குநர், பெருமையோடு.

"யோவ், சாப்பிடுதுன்னா என்னய்யா அர்த்தம்?"

உதவி இயக்குநரின் பெருமை மெல்ல வடிந்தது.

"சாப்பிடற மிருகம் நாளைக்குச் சாகும். என் பதவிக் காலத்துல ஒண்ணுகூடச் சாகலைன்னு போன மாசம்தான் பேசியிருக்கேன். அச்சுல வந்திருக்கு. அது மட்டுமா? சாப்பிடுதுன்னா அது அழிஞ்சுபோன மிருகமே இல்லை. அழியாத மிருகத்தை அழிஞ்சுபோன இயக்ககத்துல எப்படி வச்சுக்கறது?"

அதுவரை சமையலறைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த தையற்காரிக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஐயா, அது சாப்பிடலைங்க. ஆடு சாப்பிட்டுச்சு."

"எந்த ஆடு?"

"எங்க அக்கா வீட்டு ஆடு. நான்தான் சுவருக்கு மேல அள்ளிப் போட்டேன். தப்புதான். என்ன பண்றது, இவருக்குப் போக இடம் வேணுமே."

குழியருகே ஒரு மௌனம் விழுந்தது. யாரும் காலணியைக் கழற்றவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பல் நிபுணரின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, கட்டுரை போயிடுச்சும்மா" என்றார் மெதுவாக.

இயக்குநர் தையற்காரியை ஓரமாக அழைத்தார். முதல்முறையாக மனிதர் பேசுவதுபோல் பேசினார்.

"நீங்க நல்லவங்க. உண்மையைச் சொல்றீங்க. ஆனா நான் சொல்றதையும் கேளுங்க. ஆடு தின்னுச்சுன்னு எழுதினா, சர்க்கார் தழையை அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டவன் நான். மிருகம் தின்னுச்சுன்னு எழுதினா, கோடி வருஷமாச் செத்துக் கிடந்ததைப் பிழைக்க வச்சவன் நான். நீங்க என் இடத்துல இருந்தா எதை எழுதுவீங்க?"

"ரெண்டையும் எழுதாம, அதை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள் தையற்காரி.

"அதுக்கு ஆள் இல்லைன்னு முதல்லயே சொன்னாங்களே" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு.

கூடாரத்தைப் பிரித்தார்கள். மஞ்சள் நாடாவைச் சுருட்டிக்கொண்டார்கள். காவலாளியை மட்டும் அவனுடைய நாற்காலியோடு விட்டுவிட்டுப் போனார்கள். உயிருள்ள மிருகம் என்று எழுதி, தங்கள் இயக்ககத்தைப் பெற்றெடுத்த கால்நடைத் துறைக்கே அதைத் தள்ளிவிட்டார்கள்.

நாடா போனதும் கண்டக்டர் குழியைப் பார்த்துக் கைதட்டினார். "விட்டுது சனியன்! நாளைக்கே தோண்டறவரைக் கூப்பிடு."

தோண்டுகிறவர் வருவதற்குள் கால்நடைத் துறை வந்துவிட்டது.

* * *

கால்நடை அதிகாரி சுறுசுறுப்பான பெண்மணி. இயக்குநரைப்போல் இல்லை, முடிவுகளை வாசலில் வரும்போதே எடுத்துக்கொண்டு வருகிறவர்.

"இந்த மிருகத்தை வளர்க்கிறது யாரு?"

"வளர்க்கலை மேடம், கிடக்குது" என்றார் கண்டக்டர்.

"உங்க இடத்துல இருக்கு. தழை தின்னிருக்கு, ரெக்கார்டு இருக்கு. அப்ப நீங்கதான் சொந்தக்காரர். முதல் விஷயம், துறை இனிமே தீவனம் போடாது. சொந்தக்காரர்தான் போடணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின.

"ரெண்டாவது விஷயம். இவ்வளவு நாளா, இவ்வளவு தழை தின்னிருக்கே, கழிவு எங்கே?"

கண்டக்டரும் தையற்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கழிவு... இல்லைங்க மேடம்."

"இல்லையா? அடக்கிக்கிட்டு இருக்கா?" அதிகாரியின் முகம் இறுகியது. "குடியிருப்புப் பகுதியில பெரிய மிருகத்தை வச்சுக்கிட்டு, அதுக்குக் கழிவு போக ஒரு வசதிகூடச் செய்யலையா? இது வதை. மனுஷனை இப்படி வைப்பீங்களா?"

"எங்களையும் இப்படித்தான் மேடம்..."

"பேசாதீங்க. உங்களால முடியாதுன்னு தெரியுது. துறையே கட்டிடும்."

கட்டினார்கள். அதே குழிதோண்டுகிறவரைக் கூப்பிட்டார்கள். எலும்புக் குழிக்கு எதிர்மூலையில் தோண்டினார். மண்ணைத் தவிர ஒன்றும் வரவில்லை. "முதல்லயே இங்க தோண்டியிருக்கலாம் சார்" என்று கண்டக்டரிடம் கிசுகிசுத்தார். தொட்டி இறங்கியது. வெள்ளை ஓடு பதித்தார்கள். மிருகத்தின் உயரத்துக்குக் கதவு, அகலத்துக்கு மேடை, திருகினால் அருவிபோல் கொட்டும் தண்ணீர். அந்தத் தெருவில் அப்படி ஒரு கழிவறையை யாரும் பார்த்ததில்லை. தையற்காரி ஒருநாள் வேலையாட்கள் இல்லாதபோது உள்ளே போய் ஓட்டில் கையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அதே நாட்களில் அண்ணி வீட்டுப் பின்கதவு சாத்தப்பட்டது.

"அக்கா, என்னக்கா இப்படி?"

"நான் என்னடி பண்றது? ஆடு வாங்கிப்போட்டேன், தழைக்கு எங்கே போவேன்? காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பழையபடி. உங்க மாமாவும் கூடத்துக்கே வந்துட்டாரு, உள்ரூம்ல காத்து இல்லையாம்."

* * *

திறப்பு விழா நடுப்பகலில் நடந்தது. தெருவே கூடியிருந்தது. சுவருக்கு மேல் அண்ணியின் தலை, பக்கத்தில் ஆட்டுத் தலைகள். பேப்பரை மடித்துக் கையில் பிடித்தபடி அண்ணனே வந்து நின்றார். கால்நடை அதிகாரி நாடாவை வெட்டினார். பேசினார்.

"சிலர் கேக்கறாங்க, இது உயிரோட இருக்கான்னு. வாயில்லாத ஜீவன் தான் உயிரோட இருக்கேன்னு எப்படிச் சொல்லும்? சொல்லாததை நாமதான் புரிஞ்சுக்கணும். வாயிருக்கிறவங்க எல்லாரும் ஏதாவது கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அவங்களுக்குச் செஞ்சா இன்னும் கேப்பாங்க. இது கேக்கலை. கேக்காததுக்குச் செய்யறதுதான் சேவை."

கை தட்டினார்கள். கண்டக்டர் தட்டவில்லை. அவர் இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு, நெற்றி வேர்க்க, அந்த உயரமான கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் ஒரு தடவை முடிந்துவிட்டது. ராத்திரிக்கு வெகுதூரம் இருந்தது. அதிகாரி கதவைச் சாத்திப் புதுப் பூட்டைப் போட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தார். "மிருகம் கேட்டா மட்டும் திற" என்று சொன்னார்.

அண்ணன் பேப்பரைக் கீழே இறக்கித் தம்பியின் முகத்தைப் பார்த்தார். வெகுகாலத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தையற்காரியை லேசாகத் தள்ளினார், நீ கேளு என்பதுபோல. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஜீப்பில் ஏறப்போன அதிகாரியின் எதிரே நின்றாள்.

"மேடம், அது கோடி வருஷமா அடக்கிக்கிட்டு இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கும், இவரால முடியாது, முதல்ல இவரை விட்டுடலாமா?"